பறங்கியரும் லயத்துப் பிள்ளைகளும்

இரத்தினபுரி நகருக்கு அண்மையில் மகா சமன் தேவாலயம் இருக்கின்றது. பெரஹராக் காலத்தில் அங்கே சென்ற நேயர்கள் பலர் இருப்பீர்கள். அத்தேவாலயத்தின் சுவரிலே ஒரு கற்பலகை பதிக்கப்பட்டிருப்பதை எத்தனை பேர் நின்று நோக்கியிருப்பீர்களோ, அறியேன். இரும்புக் கவசம் பூண்ட போர்த்துக்கேய வீரன் ஒருவன் வாளை ஓங்கி நிற்கின்றான். அவன் காலடியிலே சிங்கள வீரன் ஒருவன் வீழ்ந்து கிடக்கின்றான். சிமாவோ பிஞ்ஞாவோ என்ற தளபதியின் வெற்றியைக் குறிக்க வெட்டப்பட்ட கல் அது. பழைய தேவாலயத்தை இடித்த போர்த்துக்கேயர் அவ்விடத்திலே தம் கோயிலை எழுப்பினர். அவர்கள் போனபின் தேவாலயம் மீண்டும் எழுந்தது. கல்லை மட்டும் எவரும் உடைத்தெறியவில்லை.

வென்றவனையும் வீழ்ந்தவனையும் அந்தக் கல் காட்டுகின்றது. அவ்விருவர்க்கும் இடையிலே பிறந்தவர்களைப் பற்றி அது பேசவில்லை. அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிடையே பிறந்து, அங்கேயே ஆசிரியத் தொழில் புரிபவன் நான். ஆதலின் கோட்டைகளிற் பிறந்த கலப்பினத்தாரை மட்டுமன்றித் தோட்டங்களிற் பிறந்தவர்களையும் சேர்த்தே பேச வேண்டியவனாகின்றேன். வரலாற்று நூல்கள் முன்னவர்க்குப் பல அத்தியாயங்களை ஒதுக்கியிருக்கின்றன. பின்னவர்க்குச் சில வரிகளே கிடைத்திருக்கின்றன.

1510ஆம் ஆண்டு கோவாவைக் கைப்பற்றிய அல்புக்கேர்க், தன் போர்வீரர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடியேறுதலை ஊக்குவித்தான். அவ்வழக்கம் இலங்கைக்கும் வந்தது. கொழும்பிலும், காலியிலும், யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயத் தந்தைக்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்த ஒரு சமுதாயம் உருவாயிற்று. அவர்கள் பேசியது இலிஸ்பன் நகரத்துப் போர்த்துக்கேயம் அன்று. இந்நாட்டு மொழிகளின் அமைப்பிலே போர்த்துக்கேயச் சொற்கள் வந்து குடியேறிய ஒரு புதுமொழி. அறிஞர் கிரியோல் என்பர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ள பறங்கியர் சிலர் இன்றும் அதனைப் பேசுகின்றனர். நம்மை அது தொடவில்லை என்று எண்ணுதல் வேண்டா. நாம் அமரும் கதிரையும், உண்ணும் பாணும், அணியும் சப்பாத்தும், சட்டையை வைக்கும் அலுமாரியும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களே.

போர்த்துக்கேயப் பெயர்களைத் தாங்கியோர் அனைவரும் கலப்பினத்தார் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் நன்று. பெரேரா, சில்வா, பெர்னாண்டோ என்பன பெரும்பாலும் ஞானஸ்நானத் தொட்டியிற் கிடைத்த பெயர்கள். மறுதலையாக, ஐரோப்பிய இரத்தம் இருந்தும் பெயரே இல்லாமற் போனவர்களும் உளர். கண்டி மன்னர் காலத்தில் மாத்தளைப் பகுதியின் வாகக்கோட்டையிலே போர்த்துக்கேய வழியினர் குடியேறியிருந்தனர். தலைமுறைகள் சென்றன, அவர்கள் சிங்களக் கிராமத்தவர் ஆயினர். மாதா கோயில் எஞ்சியது, வேற்றுமை மறைந்தது. கலப்பு என்பது எங்கும் ஒரு தனிச் சாதியை உண்டாக்கியே தீரவேண்டும் என்ற நியதி இல்லை என்பதற்கு அவ்வூரே சான்று.

1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தக் கம்பனியின் ஊழியர் பெரும்பாலும் மணமாகாத இளைஞர். அவர்களுள் ஜெர்மானியரும், பிரெஞ்சுக்காரரும், டேனியரும் இருந்தனர். இவர்கள் மணந்தது யாரை? போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற கலப்பினக் குடும்பங்களின் பெண்களைத்தான். எனவே ஒல்லாந்தர் வீட்டு அடுப்பங்கரையிலும் தொட்டிலடியிலும் போர்த்துக்கேயக் கிரியோலே கேட்டது. ஆட்சி மொழியாகிய ஒல்லாந்தம் தாய்மார் நாவிலே தோற்றுப்போயிற்று.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். கம்பனி ஊழியர் சிலர் பத்தேவியாவுக்குக் கப்பலேற, எஞ்சியோர் இந்நாட்டிலேயே தங்கினர். இவர்களையும், போர்த்துக்கேய வழியினரையும், பிறரையும் ஆங்கிலேயர் ‘பேகர்’ என்றனர்; தமிழர் நாம் பழைய வழக்கப்படி பறங்கியர் என்றோம்.

இந்தப் பறங்கியர் யார் என்ற வினா 1830ஆம் ஆண்டு ஒரு சட்ட வினாவாக எழுந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவினர் இந்நாட்டின் ஆட்சிமுறையை ஆராய வந்திருந்த காலம் அது. அவர்கள் முன் பிரதம நீதியரசர் சேர் றிச்சர்ட் ஒட்லி ஒரு விளக்கம் அளித்தார். அதனை நேயர்கள் சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகின்றேன். ஏனெனில் என் உரை முழுவதும் அதன்மேலேயே நிற்கின்றது.

அவர் கூறியதன் சாரம் இது. தந்தை வழியில் ஐரோப்பிய மூதாதை இருந்தால், தாய்மார் எவ்வினத்தாராயினும், எத்தனை தலைமுறை கடந்தாலும், பிள்ளைகள் பறங்கியரே. ஆனால் பெற்றோர் முறைப்படி விவாகம் செய்திருத்தல் வேண்டும். விவாகம் இல்லையாயின் தாயின் நாடே பிள்ளையின் நாடு. இன்னும் ஒன்று: பறங்கிப் பெண் ஒருத்தி சிங்களவரையோ தமிழரையோ மணந்தால் அவள் பிள்ளைகள் பறங்கியர் அல்லர், ஒருமுறை இழந்த அப்பெயரை மீளப் பெறவும் இயலாது.

இரத்தத்தைப் பற்றிய விளக்கம் என்று இதனைப் பலர் எழுதியிருக்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. பாதி ஐரோப்பிய இரத்தம் உடைய இரு பிள்ளைகள் ஒரே நாளில் பிறக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவன் பறங்கி, அவன் ஆங்கிலப் பாடசாலைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் போவான். மற்றவன் தாயின் குடிசைக்குப் போவான். இருவரையும் பிரித்தது கோயிற் பதிவேட்டிலே எழுதப்பட்ட, அல்லது எழுதப்படாத, ஒரு வரி. 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தபோது பறங்கியருக்கும் ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டது. அந்த வரிக்கு அரசியல் விலையும் ஏற்பட்டது.

பறங்கியர் ஆங்கில ஆட்சியிலே விரைவாக முன்னேறினர். மாத்தறையிற் பிறந்த சார்ள்ஸ் அம்புரோஸ் லோறன்ஸ் என்ற வழக்கறிஞர் பத்திரிகை நடத்தி, சட்டநிரூபண சபையில் இந்நாட்டவர் அனைவரின் உரிமைக்காகவும் வாதாடினார். 1871இல் நாற்பத்திரண்டு வயதிலேயே அவர் மறைந்தமை நாட்டுக்கு இழப்பே. ஆயினும் வெள்ளையரின் கழகங்கள் பறங்கியருக்குத் திறக்கவில்லை. சிங்களவர் ‘துப்பஹி’ என்று இகழ்ந்தனர். கலப்பினச் சிப்பாயைக் குறித்த பழைய சொல் இழிசொல்லாகிவிட்டது. நம்மவரும் பின்நிற்கவில்லை.

இகழப்பட்டவர் தமக்குக் கீழே ஒருவரைத் தேடுதல் உலகத்து வழக்கம். ஒல்லாந்தப் பறங்கியர் போர்த்துக்கேயப் பறங்கியரைத் தம்மோடு சேர்க்க நாணினர். பின்னவருட் பலர் தச்சரும், கொல்லரும், சப்பாத்துத் தைப்போரும் ஆதலின், ‘மெக்கானிக்’ என்ற சொல்லே அவர்களுக்கு ஓர் ஏளனப் பெயராயிற்று. 1908இல் ஆர். ஜீ. அந்தோனிஸ் முதலியோர் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தை நிறுவினர். அந்தோனிஸ் அரசாங்கச் சுவடிக் காப்பாளராக இருந்து ஒல்லாந்தப் பத்திரங்களைக் காத்த அறிஞர். அவருக்கு வரலாற்று மாணவர் யாவரும் கடமைப்பட்டவர். ஆனால் அவர் சங்கத்தின் கதவு ஆண்வழியை ஆதாரத்தோடு காட்டுவோருக்கே திறந்தது. சங்கத்தின் சஞ்சிகையிலே வம்சாவளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றில் ஆண்கள் பிறந்த ஐரோப்பிய நகரம் தேடி எழுதப்பட்டது. முதற்றலைமுறைத் தாய்மாரைப் பற்றி அவ்வளவு தேடுவாரில்லை.

இது நம் நாட்டின் தனிக்குறை அன்று. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தீவாகிய செயின்ற் டொமிங்கிலே, மொரோ டி செயின்ற் மெறி என்ற அறிஞர் மனித இரத்தத்தை 128 பங்காகப் பிரித்து, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயரிட்டு அட்டவணை வகுத்தார். அது அச்சாகி வெளிவருமுன்னரே அத்தீவு கிளர்ந்தெழுந்துவிட்டது. 1804இல் அது ஹெயிற்றி என்ற சுதந்திர நாடாயிற்று. அட்டவணையை மட்டும் அறிஞர் இன்றும் படித்து வியக்கின்றனர்.

நம் மாகாணத்துக்கு வருவோம். கேகாலை நகரிலே ‘றொக் ஹில்’ என்ற வளவில் வாழ்ந்த ஒரு புகழ்பெற்ற பறங்கிக் குடும்பம் ஒண்டாச்சி குடும்பம். அவ்வழியில் வந்த மைக்கல் ஒண்டாச்சி கனடாவிலே ஆங்கில எழுத்தாளராக உலகப் புகழ் பெற்றவர். 1982இல் தம் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய நூலிலே கேகாலையும் இடம் பெறுகின்றது. இக்குடும்பத்தின் முதல்வர் யார் தெரியுமா? ஒல்லாந்தர் அல்லர். தஞ்சாவூரிலிருந்து 1659இல் கொழும்புக்கு அழைக்கப்பட்ட ஒரு வைத்தியர். ஆளுநர் வன் டெர் மெய்டனின் மனைவியின் நோயைத் தீர்க்க வந்தவர் என்று குடும்ப வரலாறு கூறும். அவர் கொழும்பிலேயே தங்கினார், கிறித்தவரானார், அவர் சந்ததியார் பறங்கிக் குடும்பங்களோடு கலந்தனர். அவ்வழியில் 1758இல் கொழும்பிற் பிறந்த குவின்ற் ஒண்டாச்சி, ஒல்லாந்து சென்று, யூத்ரெக்ற் நகரிலே மக்களாட்சி கோரிய தேசபக்தர் இயக்கத்தின் தலைவருள் ஒருவராக விளங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னரே நடந்த செய்தி இது.

ஒட்லியின் விளக்கத்தை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால், ஆண்வழியிலே தமிழ் வைத்தியரை உடைய அக்குடும்பம் பறங்கிக் குடும்பம் ஆகாது. ஆயினும் சமுதாயம் அவர்களைப் பறங்கியராகவே ஏற்றது. கல்வியும், பதவியும், கோயிற் பதிவேடும் இருந்தன. அவை இருந்தவிடத்து இரத்தக் கணக்கை எவரும் நெருக்கிக் கேட்கவில்லை.

அவை இல்லாதவிடத்து என்ன நேர்ந்தது என்பதை அறிய, கேகாலையிலிருந்து யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமோ, இரத்தினபுரியிலிருந்து றக்குவானை, பலாங்கொடைப் பக்கமோ மலையேற வேண்டும். கோப்பியும், பின்னர் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் இம்மலைகளை மூடின. தோட்டத்துக்கு ஒரு பெரிய துரை, ஓரிரு சின்னத்துரை; மேட்டிலே பங்களா, பள்ளத்திலே லயம். சின்னத்துரைமார் இருபது வயதை ஒட்டிய வாலிபர். பல கம்பனிகளில் அனுமதியின்றி அவர்கள் விவாகம் செய்தல் இயலாது. தோட்டத்துப் பெண்ணை மணத்தல் என்பது நினைக்கவும் ஒண்ணாதது. மணந்தவன் கழகத்துக்குள் கால் வைக்க முடியாது. மணவாது வைத்திருத்தலை மட்டும் எவரும் காணாதவர்போல இருந்தனர். பெண்ணின் விருப்பம் என்ற பேச்சுக்கு இடம் எங்கே? அவள் பெயரைச் செக்ரோலில் எழுதுபவனும், அவள் குடும்பத்தை லயத்திலிருந்து வெளியேற்ற வல்லவனும் அவனே.

பிள்ளை பிறந்தது. சட்டம் ஒரு வழி வைத்திருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி, விவாகமின்றிப் பிறந்த பிள்ளைக்கும் தந்தையிடம் செலவுப் பணம் கோரலாம். ஆனால் பிறந்து பன்னிரண்டு மாதத்துக்குள், அல்லது அக்காலத்துள் அவன் ஏதேனும் கொடுத்திருந்தான் என்று காட்டி, வழக்கிட வேண்டும். தாயின் வாக்கு மட்டும் போதாது; அதை உறுதிப்படுத்தும் வேறு சான்று வேண்டும். பங்களாவில் வேலை செய்யும் அப்புவா வந்து சான்று சொல்வான்? அன்றியும், நீதவான் அதிகாரம் தோட்டத் துரைமாருள் சிலருக்கே வழங்கப்பட்டிருந்த காலம் அது. பிறப்புப் பதிவிலோ, விவாகமற்ற தந்தை தானும் சேர்ந்து கேட்டு ஒப்பமிட்டாலன்றி அவன் பெயரை எழுத முடியாது. ஒட்லியின் விதி இவ்வாறு மலையிலே தன் வேலையைச் செவ்வனே செய்தது. வெள்ளைத் தோலும் பூனைக்கண்ணும் உடைய பிள்ளை, தாயின் செக்ரோலிலே தாயின் இனத்தவனாக ஏறியது.

இரங்கியவர்களும் இருந்தனர். வங்காளத்தின் வடக்கே கலிம்பொங்கிலே, 1900ஆம் ஆண்டில் கிரகாம் என்ற ஸ்கொத்லாந்துப் போதகர், தேயிலைத் துரைமாரின் இத்தகைய பிள்ளைகளுக்கென இல்லம் ஒன்றை நிறுவினார். அங்கு வளர்ந்தோர் பலர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். நம் நாட்டில் 1920களிலே நுவரெலியாவில் பெயின்ரர் பாதிரியார் அதே பணியைத் தொடங்கினார். அவர் மனைவி சிங்களப் பெண்மணி. அவர்கள் மகனே கண்டித் திரித்துவக் கல்லூரி ஆலயத்துச் சுவரோவியங்களைத் தீட்டிய டேவிட் பெயின்ரர். அந்த ஓவியரும், அவர் தந்தையின் இல்லத்திலே தஞ்சம் புகுந்த பிள்ளைகளும் குருதிக் கலப்பால் ஒத்தவரே. இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தொழிலும் கிடைத்தன; தாயின் மடியும் மொழியும் கிடைக்கவில்லை. அது நன்மையோ தீமையோ என்று தீர்ப்புக் கூற என்னால் இயலவில்லை.

லயத்திலேயே தங்கிய பிள்ளைகளின் கதைக்கு வெள்ளையரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் கை கழுவுதல் ஆகாது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி தண்டுவார்கள். அந்தப் பெண்ணின் வீட்டிலே மட்டும் வரி வாங்காமற் கடந்து செல்வார்கள். வரி கொடுக்க வேண்டாம் என்பது சலுகை அன்று. நீ எங்களவள் அல்லள் என்ற தீர்ப்பு. துரையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வசையை அவள் முற்றத்திலே நின்று சொன்னோம். சாதியைக் கட்டிச் சுமந்து கடல் கடந்து வந்த நாம், அதைச் செலவிட ஓரிடம் கண்டோம்.

நாடு சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளிப் பிரசாவுரிமைக்குத் தந்தையின் பிறப்பையோ, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் பிறப்பையோ காட்ட வேண்டும். விவாகமின்றிப் பிறந்தவருக்குத் தந்தை என்ற இடத்திலே தாயைக் கொள்ளுக என்றது சட்டம். நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒட்லி சொன்னதும் அதுவன்றோ? இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். துரைமாரின் பிள்ளைகளும் தாய்மாரோடு அத்தொகையிலே கரைந்தனர்.

வினோதம் ஒன்று உண்டு. அதே காலத்திலே, குறிப்பாக 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான பின், கொழும்புப் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். ‘வெள்ளை அவுஸ்திரேலியா’க் கொள்கை நிலவிய அந்நாடு, நான்கில் மூன்று பங்கு ஐரோப்பிய வம்சம் உண்டா என்று கேட்டது, தோற்றத்தையும் நோக்கியது. வம்சாவளி ஏடுகள் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டன. ஒரே குடும்பத்திலே நிறம் வெளுத்த பிள்ளையும் கறுத்த பிள்ளையும் இருந்த வீடுகளில் அந்நாட்களில் நிலவிய அச்சத்தை எண்ணிப் பார்க்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் எஞ்சியிருந்த பறங்கியர் நாற்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவே.

நான் சிறுவனாக வளர்ந்த இறப்பர்த் தோட்டத்திலே, எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு மூதாட்டி இருந்தார். சாம்பல் நிறக் கண்கள். வெயிலிலே சிவந்துபோகும் முகம். ‘துரைச்சி’ என்பார்கள், அவர் காதுபடவே. பங்களாவிலே ஆயாவாக இருந்த பெண்ணின் மகள். தகப்பன் வாழ்ந்த பங்களாவுக்குக் கீழே உள்ள மலையிலே நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர் குடும்பத்துக்கு இந்தியப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. 1981ஆம் ஆண்டளவில் கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. ஆறாம் வகுப்பு மாணவனாகிய என்னை அழைத்து, “இதுல என்ன சாமி எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு” என்றார்.

பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர் என்று வாசித்தேன். தகப்பன் பெயர் என்ற இடத்திலே அவருடைய தாய்மாமன் பெயர் இருந்தது. விண்ணப்பம் எழுதிய நாளிலே அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று யாரோ ஒருவர் அதை நிரப்பியிருக்க வேண்டும். அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அப்ப மாமன் மகளாத்தான் கப்பலேறப் போறேன்” என்று சொல்லிச் சிரித்தார். புத்தகத்தை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தகரப் பெட்டியிலே வைத்தார். அடுத்த மாதம் மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்.